ஹால் பெட்டியில் என்ன நிறம்

ஹைதராபாத்
8 ஜூலை 2025

அன்புள்ள மச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன வாரம் போனில், அண்ணன் மனைவி என்றும் பாராமல், நான் உங்களிடம் பேசிய விதம் சரியில்லை. அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கத் தாமதமானதைச் சொல்ல வந்தேன். அது உங்களிடம் கணக்குக் கேட்பது போல ஆகிவிட்டது. இனி கொஞ்ச நாள் மெயிலில் எழுதிக்கொள்வோம். எழுதும்போது குரல் உயராது. அதோடு, அம்மாவுக்கு முறிந்தது இடுப்பெலும்புதான். காது கூர்மையாகவே இருக்கிறது. கட்டிலில் படுத்தபடி நாம் பேசும் அத்தனையையும் கேட்டுவிடுகிறார்.

விஷயம் இதுதான். நாம் பேசிய மறுநாளிலிருந்து, அம்மாவைப் பார்க்க ஹாலில் நான் மாட்டிய கேமராவில் படம் நின்று நின்று போகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நின்றால், மாலை அஸர் தொழுகை நேரத்துக்குத்தான் திரும்ப வருகிறது. மாடியில் அண்ணன் அறையில் இருப்பது வைஃபையின் தாய்ப்பெட்டி. இன்டர்நெட் வயர் அதில்தான் வந்து சேர்கிறது. அத்தா கட்டிய சுவர்களின் கனத்தில் மாடி சிக்னல் கீழே இறங்காது என்பதால், ஹாலில் அம்மாவின் தலைமாட்டுத் தட்டில் இரண்டாவது பெட்டியை வைத்தோம். கேமரா அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது.

அந்த ஹால் பெட்டியின் முகத்தில் சின்னதாக ஒரு விளக்கு இருக்கும். வெள்ளை எரிந்தால் நலம். மஞ்சள் எரிந்தால் தாய்ப்பெட்டியோடு தொடர்பு பலவீனம். சிவப்பு எரிந்தால் தொடர்பே இல்லை. நீலம் மினுங்கினால், என்னைப் புதிதாக இணை என்கிறது. அடுத்த முறை படம் நிற்கும்போது என்ன நிறம் என்று பார்த்து எழுதுங்கள்.

காலையில் பாவாத்தாள் அம்மாவைக் குளிக்கக் கூட்டிப் போகும் நேரத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. வேலைக்கு வந்ததும் பாவாத்தாள் கேமராவை அண்ணாந்து பார்த்து ஒரு கும்பிடு போடுகிறார். அது எனக்கா, கேமராவுக்கா என்று தெரியவில்லை.

ரிஃபத்


கோட்டைமேடு
10 ஜூலை 2025

ரிஃபத்துக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நீ போனில் பேசியதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டாலும் சொல்ல மாட்டேன் என்பது உனக்கே தெரியும்.

கும்பிடு உனக்குத்தான். கேமரா மாட்டிய அன்றே பாவாத்தாள் கேட்டாள்: "ஏனுங்க அம்மணி, அதுக்குள்ள இருந்து பாக்கறது உங்க நாத்தனாருங்களா? அப்ப அவங்களுக்கும் ஒரு கும்புடு போட்டுப்போட்டு வேலையப் பாக்கறேனுங்க." மதுக்கரையிலிருந்து முதல் டவுன் பஸ் பிடித்து வருகிறாள். முதலில் நம் வீடு. மாமியைக் குளிப்பாட்டி, தலை துவட்டி உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் ஹுமேரா வீடும் எதிரில் வக்கீல் இல்யாஸ் வீடும் போய்விட்டு, மதியம் திரும்பி வந்து நம் பாத்திரங்களைக் கழுவிவைத்துவிட்டுக் கிளம்புவாள். ஞாயிறு மட்டும் லீவு. இந்தத் தெருவின் மூன்று வீடுகளை நம்பித்தான் அவள் மகள் இனியா நர்சிங் படிக்கிறாள். மாமி தலையில் வேறு யார் கையும் படக்கூடாது. என் கையைக்கூட, "நீ இழுக்கற" என்று தட்டிவிடுகிறார்.

நேற்று மதியம் நீ செய்தி அனுப்பியதும் போய்ப் பார்த்தேன். பெட்டியில் மஞ்சள் மினுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அதுவே சரியாகிவிட்டது.

உன் அண்ணனின் காந்திபுரம் கடையில் கூரை தெரியாமல் விளக்குகள் தொங்குகின்றன. வீட்டில் கடுகளவு விளக்குக்கு நான் நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சாஜிதா


ஹைதராபாத்
14 ஜூலை 2025

அன்புள்ள மச்சிக்கு,

மஞ்சள் மினுங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். கையேட்டை மறுபடி பார்த்தேன். மஞ்சள் மினுங்காது, நிலையாக எரியும். மினுங்குவது நீலம். அவசரத்தில் நிறம் மாறித் தெரிந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை முழுதும் படம் நிற்கவே இல்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை மதியம் மறுபடி நின்றது.

இவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள். ப்ளக்கைப் பிடுங்கி, ஒரு டம்ளர் டீ குடிக்கும் நேரம் பொறுத்து, மறுபடி செருகுங்கள். பெட்டியின் பக்கத்தில் பீரோ இருந்தால் தள்ளி வையுங்கள். இரும்பு சிக்னலைத் தடுக்கும். அப்படியும் சரியாகாவிட்டால், பின்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும், அதில் ஊக்கின் முனையை விட்டு விளக்கு அணைந்து எரியும்வரை அழுத்துங்கள்.

இன்னொன்று. அந்த ப்ளக்கை யாராவது தொடுகிறார்களா? பதில் எதுவானாலும் எழுதுங்கள். நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ரிஃபத்


கோட்டைமேடு
16 ஜூலை 2025

ரிஃபத்துக்கு,

நீ சொன்ன எல்லாவற்றையும் செய்தாயிற்று. பீரோவை நானும் பாவாத்தாளும் தள்ளினோம். "இந்தச் சோப்பு டப்பா சைசு பொட்டிக்கு பீரோ எந்திரிச்சு வழி உடோணுமாக்கும்!" என்று அவள் சொல்ல, மாமிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. தலைத் துணியில் குத்தியிருந்த ஊக்கையே கழற்றித் துளைக்குள் விட்டு அழுத்தினேன். மாமி கட்டிலிலிருந்து, "அதுக்கு என்ன, காய்ச்சலா? ஊசியெல்லாம் போடற?" என்று கேட்டார்.

விளக்கு அணைந்து, நீலம் மினுங்கி, வெள்ளைக்கு வந்தது. ஆனால் இன்று மதியம் பார்த்தால் சிவப்பு. மினுங்கவில்லை, நிலையாகத்தான் எரிந்தது. கவனமாகப் பார்த்துவிட்டேன்.

ப்ளக்கைக் கேட்டிருந்தாய். எனக்குத் தெரிந்து யாரும் தொடுவதில்லை. பாவாத்தாள் அந்த மூலையைக் கூட்டும்போது வயரில் கை படுகிறதோ என்னவோ. எனக்குத் தெரியாது.

மாமிக்கு இன்று கொஞ்சம் பசி எடுத்திருக்கிறது. இரண்டு ஆப்பம் சாப்பிட்டார்.

சாஜிதா


ஹைதராபாத்
17 ஜூலை 2025

அன்புள்ள மச்சிக்கு,

சரி. ப்ளக் பிடுங்கப்படுகிறது என்பதை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். யார் கை என்று நான் சொல்லவில்லை. அவர் வீட்டில் விசாரித்துக்கொள்வதாகச் சொன்னார்.

அம்மாவுக்கு இரவு ஒரு ஆப்பம் போதும் என்று டாக்டர் சொன்னதாக ஞாபகம்.

ரிஃபத்


கோட்டைமேடு
21 ஜூலை 2025

ரிஃபத்,

பாவாத்தாள் வேலையிலிருந்து நின்றுவிட்டாள். உன் அண்ணன் நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அவள் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நேரம்.

"பாவாத்தா, அந்தப் ப்ளக்கப் புடுங்கறது யாரு?" என்றார்.

"எந்தப் ப்ளக்குங்க பாய்?"

"தெரியாத மாதிரி பேசாத. கேமரா நிக்கோணும்னு யாருக்கு ஆசையா இருக்கும்? மறைச்சுச் செய்யற காரியம் இருக்கறவங்களுக்குத்தான."

"நானுங்களா? நான் வந்தவொடனே அந்தக் கேமராவுக்கு முன்னால நின்னு கும்புட்டுப்போட்டுத்தானுங்க சேலையவே இழுத்துச் சொருகறேன். மறைக்கறவ அப்படி நிப்பாளுங்களா?"

"நடிப்பெல்லாம் வேண்டாம். ஊட்டுல என்னென்ன போயிருக்குதுன்னு இனிமேத்தான் பாக்கோணும்."

ஒன்றும் போகவில்லை, ரிஃபத். ஒரு கரண்டிகூடப் போகவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். "அம்மணி, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

தினமும் கிளம்பும்போது "வாரேனுங்க அம்மணி" என்பாள். அன்று "போறேனுங்க" என்றாள்.

மாடி வராந்தாவிலிருந்து ஹுமேரா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். மறுநாளே அவர்கள் வீட்டிலும் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வக்கீல் வீட்டில் ஞாயிறன்று. மூன்று வீடும் போயிற்று. மாமி காலையில் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அன்று சத்தம் நடந்தபோது அவர் மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்ததால், பாவாத்தாளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ப்ளக்கைப் பிடுங்கியது நான்தான்.

உன் கேமரா மாமியின் கட்டிலைப் பார்க்கிறது. கட்டிலின் கால்மாட்டில்தான் என் பாய். மதியம் எல்லா வேலையும் முடிந்த பிறகு, தலைத் துணியை எடுத்து வைத்துவிட்டு, காலை நீட்டி, வாயைப் பிளந்து தூங்குவேன். சில நாள் தூங்காமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். மாத்திரை தாமதமானதை நீ மணி நிமிடத்தோடு சொன்ன அன்றுதான், நீ என்னையும் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று உறைத்தது. மறுநாள் படுக்கப் போகும்முன் கை தானாக ப்ளக்குக்குப் போனது. உன் அண்ணன் வீட்டில் இருக்கும் வெள்ளிக்கிழமை மட்டும் தொட மாட்டேன். அணைந்த பெட்டியில் ஏது நிறம்? கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு, எந்த வியாதி பொருந்தும் என்று தேடி உனக்கு எழுதினேன். முதல் தடவை வியாதியையும் தப்பாக எழுதிவிட்டேன்.

உன்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். சொன்னால், "அம்மாவைப் பார்த்துக்கிறது பாரமா இருக்குதா மச்சி?" என்று கேட்பாய் என்று பயந்தேன். பாரமாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்வதைவிட ஒரு பெட்டிமேல் பழி போடுவது எளிதாக இருந்தது. பெட்டியிலிருந்து அது அவள்மேல் போய் விழும் என்று நான் நினைக்கவில்லை என்று எழுத வந்தேன். அதுவும் பொய். அவள் பெயரை எழுதியது நான்தானே.

என்ன செய்யட்டும் என்று சொல்.

சாஜிதா


ஹைதராபாத்
22 ஜூலை 2025

அன்புள்ள மச்சிக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்புக்குப் போகும் வழியில் படித்தேன். அதன் பிறகு வகுப்பில் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

முதலில் என் பங்கு. அந்தக் கேமராவை அம்மாவுக்காக மாட்டியதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் போனைத் திறந்து அம்மா படுத்திருப்பதைப் பார்த்துவிட்டால், அன்றைக்கு ஒரு மகள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதி வந்துவிடும். நீங்கள் அந்தப் படத்தில் குறுக்கே போய்வருபவராக மட்டும் எனக்குத் தெரிந்திருக்கிறீர்கள். இதற்கு மன்னிப்புக் கேட்பது எனக்குச் சரளமாக வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பாவாத்தாள் விஷயத்தில் தாமதிக்கக் கூடாது. அண்ணனிடம் நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால், என்னிடம் சொன்னதை அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று இன்னொரு சண்டை வரும். பிறகு ஹுமேரா வீட்டிலும் வக்கீல் வீட்டிலும் நடந்ததைச் சொல்லிவிட்டு, மதுக்கரைக்குப் போய் அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். நியாயமானவர். புரிந்துகொள்வார் என்று நினைக்கிறேன்.

ரிஃபத்


கோட்டைமேடு
28 ஜூலை 2025

ரிஃபத்,

நீ சொன்ன வரிசைப்படியே எல்லாவற்றையும் செய்தேன். பெட்டிக்கு எழுதிக் கொடுத்தது போலவே எனக்கும் எழுதிக் கொடுத்திருந்தாய். கோபமாகச் சொல்லவில்லை.

உன் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். கை அப்படியே தட்டில் நின்றது. "அப்ப நான் அந்தம்மாவத் திருடிங்கற மாதிரி பேசுனது?" என்றார். "நீங்கதான் பேசுனீங்க. நான் பக்கத்துல நின்னேன்" என்றேன். நீங்களே வந்து கூப்பிடுங்கள் என்றதற்கு, "எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது? நீ போயிட்டு வா சாஜி" என்று கடைக்குக் கிளம்பிவிட்டார்.

ஹுமேரா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யா அல்லா, இத அன்னைக்கே சொல்லக்கூடாதா மச்சி? நான் வேற ஆளுக்குச் சொல்லிப்போட்டேனே" என்றாள். வக்கீலின் மனைவி நான் சொன்னதைப் பாதியில் நிறுத்தி, "அது இருக்கட்டும், அந்தக் கேமரா எங்க வாங்குனீங்க? நாங்களும் ஒண்ணு மாட்டலாம்னு இருக்கோம்" என்றார். பாவாத்தாளை மறுபடி வரச் சொல்வார்களாம். நடந்தால்தான் நிச்சயம்.

நேற்று மதுக்கரைக்குப் போனேன். வீட்டில் இனியா மட்டும் இருந்தாள். "அம்மா மண்டபத்துல பாத்திரம் கழுவப் போயிருக்குதுங்க" என்றாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. மண்டபத்தின் பின்பக்கம், பெரிய அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் பாவாத்தாள். என்னைப் பார்த்ததும் வெளியே வந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க அம்மணி. இவ்வளவு தூரம் பஸ்ஸுலயா வந்தீங்க? தண்ணி குடிக்கறீங்களா?"

தண்ணீர் குடித்தேன். பிறகு சொன்னேன்.

"அடுப்பப் பாத்துட்டு நின்னீங்களே, அதுக்குத்தானுங்களா?"

"ஆமா."

"நாங்கூட, அம்மணி நம்மளச் சந்தேகப்படறாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன். ஒரு வாரமா அதுதான் வயித்தெரிச்சல். கழுவுன பாத்திரமெல்லாம் எண்ணி எண்ணிப் பாத்தேனுங்க, எங்கியாவது ஒண்ணு தவறிப்போச்சான்னு." அண்டாவில் ஒரு கரியைச் சுரண்டினாள். "தூங்கறதுக்குக்கூட ஒரு ப்ளக்கப் புடுங்கோணும்னு இருக்குதே உங்க பாடு. என்றகிட்டச் சொல்லியிருந்தீங்கன்னா ஒரு துண்ட எடுத்து அதும்மேல போட்டுட்டுப் போயிருப்பேனுங்க."

சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மாமி தினமும் உன்னத்தான் தேடறாங்க பாவாத்தா. தெருவுல எல்லார்கிட்டயும் நாந்தான்னு சொல்லிப்போட்டேன். நீ வந்துரு."

அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். "ஒண்ணு கேக்கறேனுங்க. உங்க நாத்தனாருக்கு எப்பத் தெரியுமுங்க, நான் இல்லைன்னு?"

"நான் எழுதுனதுக்கு அப்பறம்தான்" என்றேன்.

"நெசமாங்களா? காலைலயும் மத்தியானமும் என்னையப் பாத்துட்டே இருந்தவங்க அவங்க ஒருத்தருதானுங்க. பாய் பாக்கலை. ஹுமேராம்மா பாக்கலை. அவங்க பாத்தாங்க. பாத்தவங்களும் என்னையத்தான் நெனச்சாங்களா, இல்ல தெரிஞ்சும் பேசாம இருந்தாங்களா? அத மட்டும் கேட்டு வந்து சொல்லுங்க அம்மணி. அப்பறம் வாரனா இல்லையான்னு நான் சொல்றேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். வெள்ளிக்கிழமை படம் நிற்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை நின்றது என்று நீ எழுதியிருந்தாய். வெள்ளிக்கிழமை உன் அண்ணன் வீட்டில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. இரண்டும் உனக்குத் தெரியும். எனக்கு வந்த யோசனை உனக்கு வராமல் இருந்திருக்குமா?

நான் சண்டைக்குக் கேட்கவில்லை. என் பொய் எங்கே போய் நின்றது என்று பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அவளுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எழுது கண்ணு.

சாஜிதா


ஹைதராபாத்
29 ஜூலை 2025

அன்புள்ள மச்சிக்கு,

முதலிலிருந்தே தெரியும்.

தாய்ப்பெட்டியில் ஒரு குறையும் இல்லை, ஹால் பெட்டிக்கு மின்சாரம்தான் நிற்கிறது என்று என் போனே காட்டியது. உங்களுக்கு முதல் கடிதம் எழுதும்போதே அது தெரியும். நிறம் கேட்டது, பீரோவைத் தள்ளச் சொன்னது, ஊக்கால் அழுத்தச் சொன்னது எல்லாம் ரிப்பேருக்காக இல்லை. நீங்களாக ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. மாணவிகள் காப்பியடித்தது தெரிந்தும், அவர்கள் வாயாலேயே வரட்டும் என்று கேள்வி மேல் கேள்வி கேட்பேன். அதே பழக்கம்.

நீங்கள் பாவாத்தாளின் பெயரை எழுதியபோது, ஞாயிறு அவருக்கு லீவாயிற்றே என்று ஒரு வரி பதில் எழுதியிருந்தால் முடிந்திருக்கும். எழுதினால், நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும் என்பதும் வெளியே வந்துவிடும். தெரிந்துகொண்டே உங்களை ஆட்டிவைத்ததும் வெளியே வந்துவிடும். அதனால் அண்ணனைக் கூப்பிட்டு, யாரோ ப்ளக்கைப் பிடுங்குகிறார்கள் என்று மட்டும் சொல்லி வைத்தேன். யார் பெயரையும் சொல்லவில்லை என்று உங்களுக்குப் பெருமையாக எழுதினேன். அண்ணன் உங்களை நினைக்க மாட்டார், யாரை நினைப்பார் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்குப் பயம் வந்தால் போதும் என்று இருந்தேன். பாவாத்தாளுக்கு என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால்கூட ஒரு கணம் அவரைப் பற்றி யோசித்திருப்பேன்.

போன கடிதத்தில் என் பங்கு என்று எழுதியதில் இதை விட்டுவிட்டேன். நீங்கள் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு எழுதிய பிறகும் விட்டுவிட்டேன்.

இதை நீங்கள் போய் பாவாத்தாளிடம் சொல்ல வேண்டாம். என்னிடம் கேட்ட கேள்விக்கு உங்களை அனுப்புவது இன்னொரு தடவை அதே காரியம்தான். சனிக்கிழமை கிளம்புகிறேன். ஸ்டேஷனில் இறங்கி நேரே மதுக்கரைக்குப் போகிறேன். அதைக் கேட்ட பிறகு அவர் நம் வீட்டுக்கு வர மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதை என் முகத்துக்கு நேரே அவர் சொல்லட்டும். அங்கிருந்து ஹுமேரா வீட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் போவேன். நீங்கள் அங்கே சொன்னது பாதிதான். மீதியைச் சொல்லி அவரைத் திரும்பக் கூப்பிடக் கேட்பேன். அண்ணனிடம் இன்றே பேசிவிடுகிறேன்.

நான் வருவதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம். அவரைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

ரிஃபத்